பனோரமாவில் பல எக்ஸ்போஷர்களைக் கலப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர்க்காரன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் ட்ரைபாடை விரித்தால், நடைப்பயிற்சிக்கு வருபவர்களில் இரண்டு பேராவது நின்று பேச்சுக் கொடுப்பார்கள். "சர்வே எடுக்கிறீங்களா சார்?" என்பது முதல் கேள்வி. கழுத்தில் கேமரா தொங்குபவராக இருந்தால் அடுத்த கேள்வி வேறு மாதிரி வரும்: வானமும் தெரிய வேண்டும், மரத்தடி நிழலும் தெரிய வேண்டும், அத்தனையும் பல படங்களை ஒட்டிய ஒரு நீளப் படத்தில் (அதுதான் பனோரமா) ஒட்டு தெரியாமல் வர வேண்டும், எப்படி? திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் பயன்படுத்துவது ஹியூகின் என்ற இலவச மென்பொருள். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும்.

ஒரே எக்ஸ்போஷரில் எடுத்து ஒட்டினால் ஆகாதா?

எக்ஸ்போஷர் என்றால் ஒரு படத்துக்குள் நாம் விடும் வெளிச்சத்தின் அளவு. பெரும்பாலான நேரம் ஒரே அளவே ஆகும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, லால்பாக் தோட்டத்துப் பாறை மேல் நின்று நகரத்தை எடுக்கிறீர்கள் என்றால் ஒரே எக்ஸ்போஷர் போதும். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) எடுத்து, நிழலைக் கொஞ்சம் தூக்கி, ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இப்போதைய சென்சார்கள் பன்னிரண்டு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) மேல் தாங்குகின்றன. தேவையில்லாத இடத்தில் மூன்று மூன்றாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுவதில் அர்த்தமில்லை.

தேவைப்படுகிற இடங்கள் உண்டு. விதான சௌதா, அதாவது சட்டமன்றம், கிழக்கு பார்த்த கட்டடம். மாலையில் அதன் முகப்பு முழுக்க நிழலில் இருக்கும், பின்னால் மேற்கு வானம் பற்றி எரியும். முகப்போ ஏறக்குறைய 700 அடி நீளம், எதிர்ச் சாரியிலிருந்து ஒரே ஃபிரேமில் நெருக்கமாக அடங்காது. நீளத்துக்குப் பனோரமா வேண்டும், வெளிச்ச வித்தியாசத்துக்குப் பல எக்ஸ்போஷர் வேண்டும். லால்பாக்கில் 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகைக்குள் நின்று வெளித் தோட்டமும் சேர எடுப்பதும் இதே கதைதான். 360 டிகிரி படம் என்றால் சொல்லவே வேண்டாம். ஒரு திசையில் சூரியன் இருந்தே தீரும், எதிர்த் திசையில் நிழல் இருந்தே தீரும்.

கேமராவை ஆட்டோவில் விட்டால் அதுவே ஒவ்வொரு திசைக்கும் சரியான வெளிச்சத்தை எடுக்காதா?

எடுக்கும், தொல்லையே அதுதான். சூரியன் பக்கம் திரும்பும்போது இருட்டாகவும், மரத்தின் பக்கம் திரும்பும்போது வெளிச்சமாகவும் எடுக்கும். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் அதே வானத் துண்டு இரண்டு நிறத்தில் இருக்கும். ஹியூகின் இதை ஓரளவு கணக்குப் போட்டுச் சமன் செய்துவிடும், ஆனால் வெளுத்துப்போன வானத்தை எந்தக் கணக்காலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் நான்கையும் பூட்டிவிடுங்கள். ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்) மட்டும் மாறட்டும், அதுவும் நீங்கள் தீர்மானித்த மூன்று அளவுகளில் மட்டும்.

எத்தனை எக்ஸ்போஷர்? எவ்வளவு இடைவெளி?

இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று. எனக்கு பத்தில் ஒன்பது முறை இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. எஃப் 8, ஐஎஸ்ஓ 100 வைத்துக்கொண்டு 1/250, 1/60, 1/15 விநாடி என்று போகலாம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நான்கு மடங்கு வெளிச்சம்.

எடுக்கத் தொடங்கும் முன் காட்சியிலேயே மிக வெளிச்சமான திசையையும் மிக இருட்டான திசையையும் தனித்தனியாகச் சோதித்துப் பாருங்கள். மூன்றில் இருண்ட படத்தில் சூரியனைத் தவிர வேறெதுவும் வெளுத்திருக்கக் கூடாது. வெளிச்சமான படத்தில் நிழலுக்குள் விவரம் தெரிய வேண்டும். இரண்டும் சரி என்றால் மூன்று போதும், இல்லையென்றால் ஐந்து. எல்லாத் திசைக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே அளவு. இங்கே மூன்று, அங்கே ஐந்து என்று எடுத்தால் பிறகு ஒரே எக்ஸ்போஷர் படங்களை லேயராகப் பிரிக்கும்போது தலை சுற்றும்.

அபர்ச்சரை மாற்றி ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்பார்கள். அபர்ச்சர் மாறினால் பின்னணி எவ்வளவு மங்குகிறது என்பது மாறும், மூலைகள் இருளும் அளவும் மாறும். மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது.

ஒரு திசைக்கு மூன்று எடுத்துவிட்டுத் திரும்புவதா, அல்லது ஒரு சுற்று முழுக்க ஒரே எக்ஸ்போஷரில் எடுத்துவிட்டு அடுத்த சுற்றா?

ஒரு திசைக்கு மூன்று, அப்புறம் திரும்புங்கள். கேமராவில் ஆட்டோ பிராக்கெட்டிங்கை (எக்ஸ்போஷரை அதுவே மாற்றி மாற்றி எடுக்கும் வசதி) போட்டு, கூடவே இரண்டு விநாடி செல்ஃப் டைமரையும் வையுங்கள். பல கேமராக்கள் ஒரே அழுத்தலில் மூன்றையும் எடுத்துவிடும், கை பட்டு ஆடாது.

மூன்று சுற்று முறையில் என்ன கெடுதல்? முதல் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் இடையில் மேகம் நகர்ந்திருக்கும், வெளிச்சம் மாறியிருக்கும், ட்ரைபாட் தலை சரியாக அதே கோணத்துக்குத் திரும்பியிருக்காது. அந்தி நேரத்தில் இது ரொம்பவே உதைக்கும். பெங்களூர் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கிவிடும். மறைந்த பிறகு நல்ல வெளிச்சம் இருபத்துச் சொச்சம் நிமிடம்தான். நான் அந்தியில் எப்போதும் மேற்கிலிருந்துதான் தொடங்குவேன். அந்தப் பக்கம்தான் வேகமாக மாறுகிறது. கிழக்கு கொஞ்சம் காத்திருக்கும்.

படங்கள் ஒன்றோடொன்று கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மேற்பொருந்தட்டும்.

ட்ரைபாட் கட்டாயமா?

ஒரு பூங்காவில் நான் ட்ரைபாடின் மூன்று காலையும் விரித்து முடிப்பதற்குள் காவலாளி வந்துவிடுவார். எனவே கையில் பிடித்து எடுக்கும் அனுபவமும் எனக்கு நிறைய உண்டு.

கையில் எடுத்தால் இரண்டு விஷயம் கெடும். ஒன்று, அந்த மூன்று படங்களுக்குள்ளேயே சிறு நகர்வு. இதை அலைன் இமேஜ் ஸ்டாக் என்ற கருவி சரிசெய்துவிடும், ஹியூகினோடு கூடவே வருகிறது. இரண்டாவது பாரலாக்ஸ். ஒரு கண்ணை மூடி விரலைப் பார்த்து, பிறகு மறு கண்ணால் பாருங்கள். விரல் பின்னணியில் இடம் மாறுகிறதல்லவா, அதுதான். கேமரா லென்ஸின் நுழைவுத் துளையை மையமாக வைத்துச் சுழலாவிட்டால், பக்கத்தில் இருக்கும் கம்பியும் தூரத்தில் இருக்கும் மரமும் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு விதமாகச் சேர்ந்திருக்கும். இதை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஏரிக்கரைக் கம்பி வேலியை ஃபிரேமில் சேர்க்காமல் ஏரியை மட்டும் எடுத்தால் பாரலாக்ஸ் பற்றிக் கவலையே இல்லை. எல்லாமே தூரத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஒட்டுவதா, முதலில் கலப்பதா?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஒட்டுவது ஒரு வேலை, வெளிச்சம் கலப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே பொத்தானில் செய்கிற மென்பொருள் உண்டு. லைட்ரூம் கிளாசிக் 2018-லிருந்தே செய்கிறது. பொத்தான் வேலை செய்தால் சந்தோஷம். செய்யாதபோது எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க, இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கலக்கும் வழி: ஒவ்வொரு திசைக்கும் உள்ள மூன்று படத்தையும் என்ஃப்யூஸ் என்ற கலக்கும் கருவி ஒன்றாக்கும். ஆறு திசை என்றால் பதினெட்டுப் படம் ஆறாகிவிடும். அந்த ஆறையும் என்பிளெண்ட் என்ற கருவி ஒட்டும். எளிதாகப் புரியும், ஆளும் வண்டியும் நகர்கிற காட்சிக்கும் இதுவே நல்லது. ஏனென்றால் ஒட்டு விழும் கோடு கடைசியில் ஒரே ஒரு தடவைதான் தீர்மானிக்கப்படுகிறது. கெடுதல் என்னவென்றால், என்ஃப்யூஸ் ஒவ்வொரு திசையையும் தனியாகப் பார்க்கிறது. ஒரு படத்தில் பாதி மரம், அடுத்ததில் முழுக்க வானம் என்றால், இரண்டிலும் பொதுவாக உள்ள வானத் துண்டைச் சற்று வேறு வேறு வெளிச்சத்தில் கலந்து தரலாம்.

முதலில் ஒட்டும் வழி: எல்லா இருண்ட படங்களையும் ஒரு பனோரமாவாக, எல்லா நடுத்தரப் படங்களையும் இன்னொன்றாக, வெளிச்சமானவற்றை மூன்றாவதாக ஒட்டி, கடைசியில் மூன்று நீளப் படத்தையும் கலப்பது. வானம் முழுக்க ஒரே சீராக வரும். கையில் எடுத்த படத்துக்கும் ஒத்துப்போகும். ஆனால் ஒவ்வொரு பனோரமாவிலும் ஒட்டுக்கோடு வேறு வேறு இடத்தில் விழலாம். கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நடந்து போயிருந்தால், இருண்ட பனோரமாவில் அவர் இருப்பார், வெளிச்சமானதில் இருக்க மாட்டார். கலந்தால் அரை உருவமாக நிற்பார்.

ஹியூகினில் வெளியீட்டுப் பகுதியில் இரண்டுக்கும் தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன. ஸ்டாக்குகளிலிருந்து (ஸ்டாக் என்றால் ஒரே திசையின் மூன்று படக் கட்டு) கலப்பது முதல் வழி, எந்த அமைப்பிலிருந்தும் கலப்பது இரண்டாவது. என் பழக்கம்: தெரு, சந்தை, விதான சௌதா முன் சாலை என்றால் முதல் வழி. ஏரி, பாறை, வானம் என்றால் இரண்டாவது. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுவேன், கம்ப்யூட்டருக்கு என்ன நஷ்டம்?

எந்த வழியானாலும் ஒன்றை மறக்காதீர்கள். ட்ரைபாடில் எடுத்திருந்தால் ஒரே திசையின் மூன்று படத்தையும் ஒரு ஸ்டாக்காக்கி, அவற்றின் கோணத்தை ஒன்றாகக் கட்டிவையுங்கள். கன்ட்ரோல் பாயின்ட்டை (பக்கத்துப் படங்களில் பொதுவாக உள்ள அடையாளப் புள்ளி) நடு எக்ஸ்போஷரில் மட்டும் தேடச் சொன்னால் போதும். இருண்ட படத்தில் நிழலில் எதுவும் தெரியாது, வெளிச்சமான படத்தில் மேகமே இருக்காது. அங்கெல்லாம் தேடினால் தப்பான புள்ளிகள்தான் கிடைக்கும்.

நானே தனியாக என்ஃப்யூஸ் செய்துவிட்டு ஹியூகினில் போட்டேன், படங்கள் வெவ்வேறு வெளிச்சத்தில் வருகின்றன. ஏன்?

கலந்த படத்தோடு பழைய எக்ஸ்போஷர் தகவலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதை நம்பி ஹியூகின் வெளிச்சத்தைச் சரிக்கட்டப் பார்க்கிறது. எல்லாப் படத்துக்கும் எக்ஸ்போஷர் மதிப்பை ஒன்றாக்கி, வெளிச்சச் சமன்பாட்டை நிறுத்திவிடுங்கள். கலந்த பிறகு படத்தின் வெளிச்சம் உண்மை வெளிச்சத்தோடு நேர்க்கணக்கில் இல்லை. அதனால் மூலை இருட்டைச் சரிசெய்வதையும் கலப்பதற்கு முன்பே, ரா மென்பொருளில் முடித்துவிட வேண்டும். தகவலே இல்லாத படமாக இருந்தால் ஹியூகின் ஃபோகல் லென்த் கேட்கும், கையால் கொடுத்துவிடுங்கள்.

என்ஃப்யூஸ் செய்வதும் எச்டிஆரும் ஒன்றா?

இல்லை. எச்டிஆர் முறையில் மூன்று படத்திலிருந்தும் காட்சியின் உண்மையான வெளிச்ச அளவுகளைக் கணக்கிட்டு ஒரு பெரிய ஃபைலாக வைப்பார்கள். அந்த வெளிச்ச வித்தியாசம் திரையில் அடங்காது. பிறகு டோன் மேப்பிங் செய்து அமுக்க வேண்டும். கார்ட்டூன் மாதிரி மேகம், கட்டடத்தைச் சுற்றி ஒளிவட்டம் எல்லாம் அந்த அமுக்கலில் கை மிஞ்சும்போது வருவதுதான்.

என்ஃப்யூஸ் அந்த நடுப்படியே இல்லாமல் வேலை செய்கிறது. மெர்ட்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் மூவரும் 2007-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதன் அடிப்படை. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று படத்தில் எது நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போட்டு, அந்த விகிதத்தில் கலக்கிறது. மதிப்பெண் முக்கியமாக எக்ஸ்போஷருக்கு: புள்ளி நடுத்தர வெளிச்சத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். நிறச் செறிவுக்கும் கொஞ்சம் உண்டு. இயல்பு நிலையில் எக்ஸ்போஷருக்கு 1, செறிவுக்கு 0.2, கான்ட்ராஸ்ட்டுக்கு 0.

செறிவின் மதிப்பெண்ணை ஏற்றினால் வண்ணம் கூடும் என்று நினைத்து ஏற்றாதீர்கள். இருட்டில் இருக்கும் நாய்ஸுக்கும் (படத்தில் விழும் பொடிப்பொடியான புள்ளிகள்) நிறம் உண்டு, அதுவும் மதிப்பெண் வாங்கிவிடும். இரவுப் படங்களில் நான் அதை 0 ஆக்கிவிடுவேன்.

கலக்கும் விதம் இன்னும் பழையது. பர்ட், ஆடல்சன் இருவரும் 1983-ல் சொன்ன முறை. சுவரில் பட்டி பார்த்த இடம் தெரியாமல் பெயின்ட் அடிப்பவர் என்ன செய்வார்? நிறத்தை அகலமாகப் பரப்பி மெல்ல மெல்லக் கலப்பார், ஆனால் சுவரின் சொரசொரப்பை அந்த ஓரத்தில் மட்டும் பொருத்துவார். இந்த முறையும் அப்படித்தான்: பெரிய வெளிச்ச மாற்றங்களை அகலமான பரப்பிலும், நுண்ணிய விவரங்களைக் குறுகிய பரப்பிலும் கலக்கிறது. ஒட்டுவதற்கு என்பிளெண்ட் பயன்படுத்துவதும் இதே வித்தைதான். இரண்டையும் எழுதத் தொடங்கியவர் ஆண்ட்ரூ மிஹால்.

கலந்த படம் சோகையாக இருக்கிறதே?

இருக்கும். எல்லாவற்றையும் நடுத்தரத்துக்கு இழுத்தால் வேறெப்படி இருக்கும்? 16 பிட் டிஃப் ஃபைலாக வைத்துக்கொண்டு கடைசியில் கான்ட்ராஸ்ட் வளைவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நிழல் நிழலாக இருந்தால் தப்பில்லை. சாயங்காலத்து மரத்தடி மத்தியான வெளிச்சத்தில் இருந்தால்தான் பார்ப்பவர் புருவம் உயரும்.

ஏரி மேல் பறந்த ஒரு பருந்து மூன்றாகிவிட்டது. என்ன செய்வது?

அல்சூர் ஏரியில் எனக்கு இது வாராவாரம் நடக்கிறது. ஹியூகினின் மாஸ்க் பகுதியில், இரண்டு படங்களில் பருந்தைச் சுற்றிக் கோடு வரைந்து நீக்கிவிட்டு, ஒன்றில் மட்டும் விடுங்கள். வானமாதலால் கலவை சமாளித்துக்கொள்ளும். ஆட்களுக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் அவர்களுக்குப் பின்னால் பிரகாசமான ஜன்னலோ விளக்கோ இருந்தால் அந்த இடம் திட்டுத் திட்டாகத் தெரியலாம்.

கூட்டம் அதிகமான திசைக்கு இன்னொரு வழி: நடு எக்ஸ்போஷரின் ரா ஃபைலை மட்டும் எடுத்து, அதையே இரண்டு ஸ்டாப் குறைத்தும் கூட்டியும் மூன்று படமாக்கிக் கலப்பது. ஒரே கணத்தில் எடுத்தது என்பதால் யாரும் இரண்டாக மாட்டார்கள். நிழலில் கொஞ்சம் நாய்ஸ் கூடும். பேய் உருவத்துக்கு அது எவ்வளவோ மேல்.

தண்ணீரின் அலைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூன்றும் கலந்து மென்மையாகிவிடும், பார்க்க அழகாகவே இருக்கும். காற்றில் ஆடும் இலைகள்தான் வில்லன். காற்று நிற்கும்வரை காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வானத்தில் கறுப்புப் பட்டை தெரிகிறது. கலவையில் தப்பா?

போலரைசர் (லென்ஸ் முன் மாட்டும், வானத்தைக் கறுக்கவைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தீர்களா? நான் ஒரு முறை மாட்டிக்கொண்டு போய், விதான சௌதாவின் குவிமாடத்துக்கு மேல் கன்றிப்போன மாதிரி ஒரு நீலத்தோடு திரும்பி வந்தேன். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கும் வானம்தான் போலரைசரில் அதிகம் கறுக்கும். அகலமான பனோரமாவில் அந்தப் பகுதி தனியாகத் தெரிந்துவிடும். கழற்றி வைத்துவிடுங்கள்.

ஒரே சீரான இடைவெளியில் செங்குத்தாக மங்கல் பட்டைகள் வந்தால் அது மூலை இருட்டு, லென்ஸ் திருத்தத்தைப் போடுங்கள்.

360 டிகிரி படத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் நேர்க்கோடு தெரிகிறது?

படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சேரும் இடம் அது. கட்டளை வரியில் நீங்களே என்ஃப்யூஸ் ஓட்டியிருந்தால், ராப் என்ற தேர்வைக் கொடுக்க மறந்திருப்பீர்கள். அதைக் கொடுத்தால் இரண்டு ஓரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு கலக்கும்.

கடைத்தெருவில் எல்இடி விளக்கின்கீழ் எடுத்ததில் கோடு கோடாக வருகிறதே?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 1/100, 1/50, 1/25 என்று வைத்தால் முழு மினுக்கல்களாகப் பதியும். 1/250 வைத்தால் பட்டை விழ வாய்ப்பு உண்டு. ஆகவே இங்கே மட்டும் மூன்று எக்ஸ்போஷரில் மிக வேகமானதே 1/100 ஆக இருக்கும்படி அபர்ச்சரைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

என் லேப்டாப் தாங்குமா?

24 மெகாபிக்சல் படம் 16 பிட் டிஃப்பாக மாறினால் ஒன்று 144 எம்பி. பதினெட்டுப் படம் இரண்டரை ஜிபியைத் தாண்டும். நடுவில் உருவாகும் தற்காலிக ஃபைல்கள் தனி. வட்டில் இருபது ஜிபி காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வெளியீட்டு அளவைப் பாதியாக்கி ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒட்டும் கலவையும் சரியாக இருந்தால் மட்டும் முழு அளவில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழகிப் பார்க்க ஒரு இடம் சொல்லுங்கள்.

அல்சூர் ஏரிதான். 18 ஆண்டு மூடிக் கிடந்து 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலை, தமிழ்ச் சங்கம் எல்லாம் இந்தப் பக்கம்தானே, வழி தேட வேண்டாம். மேற்குக் கரையில் சூரியன் வரும் முன் நின்றுகொள்ளுங்கள். எதிரே வானம் வெளுக்கும், நடுவில் தீவுகளின் மரங்கள் கறுப்பாக இருக்கும், பக்கத்தில் எதுவும் இல்லாததால் பாரலாக்ஸ் தொல்லை இல்லை. ஆறு திசை, மூன்று எக்ஸ்போஷர். பருந்துகள் ஏழு மணிக்கு மேல்தான் சுற்றத் தொடங்கும், அதற்குள் முடித்துவிடலாம்.